பாஸ்ஸு உச்சியிலிருந்து பார்த்த வீடு

எங்கள் பள்ளத்தாக்கில் மகூன் சிகரத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அதை முடித்து வைப்பது பாஸ்ஸுதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முடிதிருத்தும் கடையில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்துகொண்டு, "உச்சியில காத்து பக்கவாட்டுல அடிக்காது. கீழேயிருந்து மேல வரும். ஜெல்லாபா அங்கிக்குள்ள பூந்து ஆளையே தூக்கும்" என்பார். கடைக்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்பார். அடுத்து முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் தங்கள் முறை வந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு நன்றாகச் சொல்வார்.

அத்தனையும் பொய். அவர் அந்த உச்சியில் கால் வைத்ததே இல்லை.

இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. அந்தப் பொய்க்குச் சாட்சி சொன்னவன் நான்தான். என் பெயர் மோஹா. மலை நடைக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. பாஸ்ஸு என் அக்கா ரக்கியாவின் புருஷன்; மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டி வருவது அவர் வேலை. இருபத்தொரு வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போய் வருகிறோம்.

எங்கள் தொழில் நடக்கும் விதம் தெரியாதவர்களுக்கு இந்தப் பொய் புரியாது. பத்து நாள், பதினைந்து நாள் என்று அட்லஸ் மலையைக் குறுக்காக நடந்து கடக்க ஆட்கள் வருவார்கள். மகூன் ஏறும் நாளில் அவர்கள் வழிகாட்டியோடு உச்சி வழியாகப் போவார்கள். கழுதைகளால் அங்கே போக முடியாது. அதனால் நாங்கள் கீழ்க் கணவாய் வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு போய், அவர்கள் இறங்கி வருவதற்குள் அந்தப் பக்கம் கூடாரம் அடித்து, புதினாத் தேநீர் கொதிக்க வைத்திருக்க வேண்டும். அப்படி நூறு தடவைக்கு மேல் மகூனைச் சுற்றியிருக்கிறோம். ஒரு தடவைகூட ஏறியதில்லை. எங்களை ஏறச் சொல்ல யாருக்கும் அவசியம் இருந்ததில்லை.

பொய் பிறந்தது அவர்களுக்குக் கல்யாணமான வருஷம். முதல் நடை முடித்து வந்த பாஸ்ஸுவைச் சுற்றி எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல் மெதுவாகக் கேட்டாள், "மேலேயிருந்து பார்த்தா நம்ம வீடு தெரியுமா?"

நான் உச்சிக்குப் போகவில்லை, கழுதையோடு சுற்றிக்கொண்டு போனேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளை, சுற்றிலும் மாமனார் வீட்டு ஆட்கள். "தெரியாம என்ன? நீ கூரையில துணி காயப் போட்டுட்டு இருந்தே" என்றார். துணி காயப்போடாத வீடு எங்கே இருக்கிறது? அக்காவின் முகம் சிவந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி, "இல்லியா மச்சான்?" என்றார். என் வாய் நிறைய ரொட்டி. தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஒரு ஆட்டலுக்கு இருபத்தொரு வருஷம் நான் அனுபவித்தேன்.

அடுத்த நடைக்கு நாங்கள் கிளம்பிப் போன மூன்றாம் நாள், அக்கா தன் கல்யாணக் கம்பளியைக் கூரையில் விரித்தாள். தானே நெய்த சிவப்புக் கம்பளி. உச்சியில் நிற்கும் புருஷன் கண்ணில் படட்டும் என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு நடையிலும் மூன்றாம் நாள் கம்பளி கூரைக்கு ஏறியது. "ரக்கியா கம்பளி விரிச்சுட்டா, பாஸ்ஸு இந்நேரம் உச்சியில நிப்பான்" என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் அவர், "பார்த்தேன், பார்த்தேன். இந்தத் தடவை கொஞ்சம் இடது ஓரமா விரிச்சிருந்தே" என்பார். இடது ஓரமாக இல்லை என்றால் மேகம் மறைத்தது என்பார். நான் கைகழுவ எழுந்து போய்விடுவேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் வெள்ளையாக ஒரு முகடு தெரியும். ஊரில் எல்லாரும் அதைத்தான் மகூன் என்பார்கள். குழந்தைக்குச் சோறூட்டும்போதுகூட அதைத்தான் காட்டுவார்கள். அது மகூன் இல்லை. மகூன் அதற்கும் பின்னால் அரை நாள் நடை தள்ளி நிற்கிறது. கழுதை ஓட்டிப் போகிறவர்களுக்கு இது தெரியும். ஆனால் யாரும் ஊரில் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையின் பெயர் தப்பு என்று தாயிடம் போய்ச் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆகவே என் அக்கா இருபத்தொரு வருஷம் வேறு ஒரு மலையைப் பார்த்துக் கம்பளி விரித்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்ஸுவுக்கு இது உறுத்தாமல் இல்லை. ஒருநாள் கழுதை முதுகில் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார், "மச்சான், உச்சி அந்த முன் முகட்டைவிட எவ்வளவு உசரம் இருக்கும்?"

"நெறையத்தான்."

"அப்ப அதுக்கு மேலால எட்டிப் பார்த்தா ஊர் தெரியலாம்ல?"

"தெரியலாம். தெரியாமலும் போகலாம்."

"தெரியலாம்னுதான் எனக்குத் தோணுது" என்றார். அன்றிலிருந்து அவர் வெறும் பொய்யர் இல்லை. தன் பொய் நிஜமாக இருந்துவிடாதா என்று ஏங்குகிற மனிதர். அப்படிப்பட்டவரைத் திட்டவும் முடியாது.

இப்படியே போயிருக்கும். ஆனால் அவர் மகள் இஜ்ஜா வளர்ந்துவிட்டாள். அப்பாவின் கதையைக் கேட்டுக் கேட்டு மலைப் பித்துப் பிடித்து, வழிகாட்டிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். ஏன் இந்தத் தொழில் என்று நேர்காணலில் கேட்டார்களாம். "எங்கப்பா மகூன் உச்சியில நின்னு எங்க வீட்டைப் பார்ப்பார். நானும் பார்க்கணும்" என்றாளாம். இடம் கிடைத்துவிட்டது. இதை அவள் வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னபோது பாஸ்ஸு குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். ரொம்ப நேரம் கட்டினார்.

பயிற்சியில் வேறு மலைகள் எல்லாம் ஏறினாள். மகூனுக்குப் போன அன்று மட்டும் பனிப்புயல் வந்து பாதியில் திருப்பிவிட்டார்களாம். போன மே மாதம் அவளுக்கு முதல் வேலை கிடைத்தது. பதினான்கு நாள் நடை. நடக்க வந்தவர்கள் மூன்று பேர்: பெல்ஜியத்திலிருந்து அக்காள் தங்கை இருவர், டாஞ்சியரில் பல் மருத்துவராக இருக்கும் ஜவாத். வழிகாட்டி இஜ்ஜா. கழுதைகளுக்கு அவள் அப்பா. சமையலுக்கு நான்.

முதல் நாளே எங்களுக்கு அடி விழுந்தது. தூரத்தில் தெரிந்த ஒரு பனித்திட்டைக் காட்டி பாஸ்ஸு, "அது கெட்டியாத்தான் இருக்கும், நடக்கலாம்" என்று பெல்ஜியப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இஜ்ஜா திரும்பி, "அப்பா, இந்த வருஷம் அங்க போய்ப் பார்த்தீங்களா?" என்றாள்.

"இந்த வருஷம் இல்ல."

"அப்ப சொல்லாதீங்க. பார்க்காததைப் பார்த்த மாதிரி வழிகாட்டி சொல்லவே கூடாதுன்னு எங்களுக்கு மொத பாடமே அதுதான். சொன்னா ஆள் செத்துப்போவாங்க."

பாஸ்ஸு என்னைப் பார்த்தார். நான் கழுதையைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் மகூன் அடிவாரத்துப் பீடபூமியில் முகாம். அதற்கு முந்தின வாரம் காலம் தப்பிப் பனி கொட்டியிருந்தது. கீழ்க் கணவாயில் கழுதைக்கு வயிறு வரை பனி என்று மலைவிடுதிக் காவலர் சொன்னார். இஜ்ஜா தானே போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தாள். "முகாம் இங்கேயே இருக்கட்டும். மேல ஏறிட்டு இதே வழியாத் திரும்புவோம்" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "கழுதைங்களுக்கு நாளைக்கு லீவு. அப்பா, நீங்க என்கூட வர்றீங்க. மோஹா மாமா, நீங்களும். பனி இப்படி இருக்கும்போது பின்னால ரெண்டு பேர் எனக்கு வேணும்."

"எனக்குத் தொப்பை இருக்கு, இஜ்ஜா" என்றேன்.

"பனியில உறுதியா நிக்க கனம் நல்லது மாமா."

அப்பாவிடம் திரும்பினாள். "மேல முகட்டுல நீங்க முன்னால போங்கப்பா. என்னைவிட உங்களுக்குத்தான் வழி அத்துப்படி."

பனி மூடிய முகட்டில், போயே பார்க்காத ஆள் முன்னால் போனால் ஐந்து பேர் உயிர் அவர் பின்னால் போகும். பாஸ்ஸு ஒரு கணம் யோசித்தார். "நீதான் வழிகாட்டி. நான் கழுதைக்காரன். பின்னாலதான் வருவேன். அதுதான் முறை" என்றார். அப்பா தன்னை மதிக்கிறார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"சொல்லித் தொலைங்க மச்சான்" என்றேன் தனியாக.

"மேல போய்ப் பார்ப்போம். வீடு தெரிஞ்சுட்டா?"

"தெரியலேன்னா?"

"நீ வாயை மூடு."

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களை இஜ்ஜாவே அப்பாவின் காலில் மாட்டிவிட்டாள். இறுகிக் கிடந்த பனியில் அந்தப் பற்கள் கடிக்கும் சத்தம் மட்டும்தான். கொஞ்ச தூரம் வரை பாஸ்ஸு பேசிக்கொண்டே வந்தார். ஜவாத்தின் ஊன்றுகோலைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தினார், பெல்ஜியத் தங்கையிடம் நோஞ்சான் கழுதை ஒன்றின் கதையைச் சொன்னார். சரிவு செங்குத்தானதும் பேச்சு குறைந்தது. இஜ்ஜா முன்னால் பனியை உதைத்து உதைத்துப் படி செய்தாள். நாங்கள் அந்தப் படிகளில் கால் வைத்தோம். மூன்று மணி நேரம் அவள் குதிகாலைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

பிறகு முகட்டுக்கு வந்து நிமிர்ந்தேன்.

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. இந்த மலையின் காலடியில் பிறந்து, இதைச் சுற்றிச் சுற்றியே பிழைத்தவன். ஆனால் இது எனக்குத் தெரியாத மலை. முகடு எங்களுக்கு முன்னால் வெள்ளையாக நீண்டு, வளைந்து, மேலே ஏறி, வானத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. கீழே எங்கோ நேற்று நடந்த பள்ளங்கள் நிழலில் கிடந்தன. அந்த வெளிச்சத்தில் என் கையே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. இத்தனை நாள் இதன் மடியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கியிருக்கிறோமே, நிமிர்ந்து ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பெல்ஜிய அக்காள் அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது காற்று வந்தது. பக்கவாட்டில் இல்லை, கீழேயிருந்து. பாஸ்ஸுவின் ஜெல்லாபாவுக்குள் புகுந்து அதைப் பந்தாக ஊதியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். முடிதிருத்தும் கடையில் அளந்துவிட்ட கதை நிஜமாகிவிட்டது. காற்று நிஜமென்றால் வீடும் நிஜமாக இருக்கலாம். அவர் நடை மாறிவிட்டது. அடிக்கடி வடக்கே பார்த்துக்கொண்டே போனார். முன் முகடு பார்வையை மறைத்து நின்றது. ஆனால் நாங்கள் ஏற ஏற அது தணிந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் அதன் தலைக்கு மேலால் எட்டிவிடலாம் போலத்தான் இருந்தது. எனக்கே ஆசை வந்துவிட்டது.

அந்த ஆசைதான் அவரை வடக்கு விளிம்புக்கு இழுத்தது. வரிசையை விட்டு விலகி இரண்டு அடி வைத்தார்.

"அப்பா, அசையாதீங்க." இஜ்ஜா கத்தவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த குரல் அது. "உங்க காலுக்கு அடியில மலை இல்ல. காத்து கட்டி வெச்ச வெறும் பனி. காலைத் தூக்காம அப்படியே பின்னால இழுத்துக்கிட்டு வாங்க."

அவர் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தேன். இஜ்ஜா பக்கத்தில் வந்து குனிந்தாள். "இது உங்களுக்குத் தெரியுமேப்பா. இத்தனை தடவை வந்திருக்கீங்களே."

"தெரியும். மறந்துட்டேன்" என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி முன்னால் நடந்தாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, அவளுக்கும் பாதி புரிந்துவிட்டது என்று.

உச்சியில் ஒரு கல்குவியல்; அதுவும் பனிக்குள் பாதி. அதற்கு மேல் ஏற ஒன்றும் இல்லை. தெற்கே மலைகள் பழுப்பாகி, சிவந்து, படிப்படியாக இறங்கி, சக்ரோவின் கறுப்புக் குன்றுகளில் முடிந்தன. அதற்கும் அப்பால் பாலைவனம் மஞ்சள் புகையாக நின்றது. கிழக்கிலும் மேற்கிலும் வெள்ளை முகடுகள் ஒன்றன் பின் ஒன்றாக, எண்ண முடியாதபடி. பூமி இவ்வளவு பெரியது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் நம்பியிருந்தேன் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பவில்லை என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

பாஸ்ஸு வடக்கே பார்த்தார். நானும் பார்த்தேன்.

எங்களுக்குக் கீழே ஒரு வெள்ளைத் திமில் கிடந்தது. அது என்ன மலை என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. ஊரே மகூன் என்று குழந்தைகளுக்குக் காட்டுகிற மலை. அதன் முதுகை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அதற்கு அப்பால் இன்னொரு வரிசை மலை, அதற்கு அப்பால் இன்னொன்று. நடுவில் எங்கள் பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தை அந்தத் திமில் முழுசாக மூடியிருந்தது. ஊர் இல்லை, வால்நட் மரங்கள் இல்லை, வீடு இல்லை.

இஜ்ஜா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் பார்த்தாள். "வீடு எங்கப்பா?" என்று கேட்டாள், ரொம்ப மெதுவாக.

அந்த நேரம் பார்த்து அவள் சட்டைப்பையில் போன் அடித்தது. உச்சியில் மட்டும்தான் எங்கள் மலையில் சிக்னல் கிடைக்கும் என்று அக்காவுக்கு மகள் சொல்லியிருக்கிறாள். காற்றில் காதில் வைத்தால் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏறிட்டீங்களா?" என்று அக்காவின் குரல். "நான் கூரையிலதான் நிக்கறேன். கம்பளி தெரியுதாடி? நேத்துத்தான் துவைச்சேன், நல்லா பளிச்சுனு இருக்கும். உங்கப்பா சொல்ற மாதிரியே இருக்கா?"

இஜ்ஜா அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவளைத் தொட்டிலில் ஆட்டியவன் நான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியுதும்மா என்று சொல்லியிருப்பாள். தன் முதல் பாடத்தை அப்பாவுக்காக அங்கேயே தூக்கிப் போட்டிருப்பாள்.

பாஸ்ஸு போனை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"ரக்கியா, வீடு தெரியலை."

"மேகமா?"

"மேகம் இல்ல. இங்கேயிருந்து தெரியவே தெரியாது. முன்னால இருக்கற மலை மறைக்குது. நான் எப்பவும் பார்த்ததில்ல. இன்னைக்குத்தான் மொத தடவையா இங்க வந்திருக்கேன். இத்தனை வருஷமும் கழுதையோட கீழ்வழியாத்தான் சுத்திக்கிட்டுப் போனேன்."

பெல்ஜியப் பெண்களுக்கு மொழி தெரியாது; ஜவாத் அவர்களைக் கூட்டிக்கொண்டு கல்குவியலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நல்ல மனிதர். இஜ்ஜா அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"மோஹா அங்க இருக்கானா?" என்றாள் அக்கா.

"இருக்கேன் அக்கா."

"நீயும் தலையை ஆட்டினியேடா."

"வாயில ரொட்டி இருந்துச்சு அக்கா."

"வீட்டுப் பக்கம் வா, வெச்சுக்கறேன்." அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதா, காற்றா என்று தெரியவில்லை. பிறகு கேட்டாள், "சரி. வீடு தெரியலை. அப்ப அங்க என்னதான் தெரியுது?"

பாஸ்ஸு தெற்கே திரும்பினார். வாயைத் திறந்தார். சந்தையையே கட்டிப்போட்ட வாய் அது. காற்று அவர் கண்ணில் அடித்துத் தண்ணீர் கன்னத்தில் ஓடியது. காற்றினால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஏதோ சொல்ல முயன்றார். "தெக்கால..." என்றார். நிறுத்தினார். கையை நீட்டினார், போனில் கை தெரியாது என்பதை மறந்து.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

"சொல்ல வரலை ரக்கியா."

"இருபத்தொரு வருஷமா மூச்சு விடாம சொன்னீங்களே."

"அப்பல்லாம் பார்த்ததில்லையே" என்றார் பாஸ்ஸு. "அதனாலதான் சொல்ல முடிஞ்சுது."

அக்கா போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். இஜ்ஜாவும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது, கையை நீட்டினாள்.

"வெச்சிடாதீங்க" என்றது குரல். "நின்னு நல்லா பாருங்க. நான் இப்படியே இருக்கேன்."

அவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். அந்தப் பக்கம் கூரையில் என் அக்கா ஒன்றும் பேசாமல் எங்கள் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.